கூலியும் சாட்சியும்

பி.ஜி.எம்.ஐ. ஆடுகிறவர்கள் எல்லோருக்கும் ஒரு பத்து நொடியைத் தெரியும். நான்கு பேர் கொண்ட அணியில் ஒருவன் சுடப்பட்டு விழுந்துவிட்டான். இன்னும் சாகவில்லை, தரையில் தவழ்ந்துகொண்டிருக்கிறான். உயிர்க்கோடு கொஞ்சம் கொஞ்சமாகக் குறைகிறது. அணிக்காரன் ஒருவன் பக்கத்தில் போய்ப் பொத்தானை அழுத்தி ஏறத்தாழ பத்து நொடி அப்படியே நின்றால் அவன் எழுந்துவிடுவான். அந்தப் பத்து நொடியில் தூக்கிவிடுகிறவனால் ஓட முடியாது, சுட முடியாது. விழுந்தவனைச் சுட்டவன் பெரும்பாலும் அதே இடத்திலிருந்து குறிபார்த்துக்கொண்டிருப்பான், அடுத்து எவன் வருகிறான் என்று.

விழுந்தவன் கூடப் படித்தவன் என்றால் யோசிக்க ஒன்றுமில்லை. ஆனால் பல ஆட்டங்களில் அவன் ஒரு ‘ரேண்டம்’. கணினி எங்கிருந்தோ பிடித்துவந்து நம் அணியில் போட்டவன். அவன் ஊர் தெரியாது, முகம் தெரியாது. இந்த ஆட்டம் முடிந்தால் வாழ்நாளில் மறுபடி சந்திக்கப்போவதில்லை. அவனை விட்டுவிட்டால் செத்துப்போவான், அவன் சேர்த்துவைத்த துப்பாக்கியும் மருந்தும் நமக்கு. தூக்கப் போனால் நாமும் சாகலாம். கணக்குப் போட்டுப் பார்க்கிறவன் விட்டுவிடத்தான் வேண்டும்.

ஆனாலும் நிறையப் பேர் போய்த் தூக்குகிறார்கள், நிறையப் பேர் விட்டுவிட்டும் போகிறார்கள். ஆட்டத்தை உருவாக்குகிற நிறுவனங்களுக்கு இது ஒரு தொழில்நுட்பக் கேள்வி: முதல் வகையினரை எப்படிக் கூட்டுவது, இரண்டாம் வகையினரை எப்படிக் குறைப்பது? நிரல் எழுதிப் பிழைக்கிறவன் என்பதால் எனக்கும் அந்தக் கேள்வி பிடிக்கும். ஆனால் அதற்கு அடியில் பழைய கேள்வி ஒன்று இருக்கிறது. பரிசுக்காகச் செய்த உதவி உதவிதானா? அன்பைப் புள்ளிகள் கொடுத்து வளர்க்க முடியுமா?

நாளை இல்லாத இடம்

1980 வாக்கில் ராபர்ட் ஆக்ஸல்ராட் என்ற அமெரிக்க அரசியல் அறிஞர் கணினி நிரல்களுக்கு இடையே ஒரு போட்டி வைத்தார். இரண்டு நிரல்கள் மோதும். ஒவ்வொரு சுற்றிலும் ஒவ்வொன்றும் ஒத்துழைக்கலாம் அல்லது ஏமாற்றலாம். பெரிய பெரிய தந்திரங்களோடு வந்த நிரல்களையெல்லாம் தாண்டி வென்றது அனடோல் ராப்பபோர்ட் அனுப்பிய மிகச் சிறிய நிரல். முதல் சுற்றில் ஒத்துழை, அதன்பின் எதிராளி போன சுற்றில் செய்ததையே நீயும் செய். இவ்வளவுதான். முடிவுகளையெல்லாம் வெளியிட்டு, தோற்கடிக்க வாருங்கள் என்று இரண்டாம் முறை அழைத்தபோதும் அதுவே வென்றது.

ஆனால் அது வெல்ல ஒரு நிபந்தனை உண்டு. மோதியவர்கள் மறுபடி மறுபடி சந்திக்க வேண்டும். நாளை உன்னைப் பார்ப்பேன் என்பதுதான் இன்று என்னை யோக்கியனாக வைத்திருக்கிறது. ஊர் என்பது அப்படித்தான் இயங்குகிறது. எங்கள் திருநாவலூரில் ஒருவன் கடன் வாங்கிய ஏணியைத் திருப்பிக் கொடுக்கவில்லை என்றால், டீக்கடையில் அது நாலு நாள் பேச்சு. அடுத்த முறை மாடு கிணற்றில் விழுந்தால் கயிறு பிடிக்க ஆள் வருவது சந்தேகம்.

ரேண்டம்களின் உலகத்தில் அந்த நாளை கிடையாது. அதனால் நிறுவனங்கள் செயற்கையாக ஒரு நாளையை உண்டாக்கின. பப்ஜி மொபைலில் ‘மெரிட்’ என்றொரு மதிப்பெண். நூறில் தொடங்கும். பாதியில் ஓடிப்போனால் குறையும், சொந்த அணிக்காரனைக் கொன்றால் குறையும். ரொம்பக் குறைந்துவிட்டால் அணியாக ஆடும் வாய்ப்பே போகும். லீக் ஆஃப் லெஜெண்ட்ஸ் 2012இல் ‘ஹானர்’ கொண்டுவந்தது: ஆட்டம் முடிந்ததும் நல்லபடி நடந்துகொண்டவருக்கு மற்றவர்கள் ஒரு மரியாதை கொடுக்கலாம். ஓவர்வாட்ச் 2018 ஜூனில் அதையே நிலைகளாக மாற்றியது, ஒன்று முதல் ஐந்து வரை. தொடர்ந்து நல்லவனாக இல்லாவிட்டால் நிலை தானாக இறங்கும்.

பலன் இல்லை என்று சொல்ல முடியாது. அந்த ஏற்பாடு வந்த சில வாரங்களில், வசைப்பேச்சு இடம்பெற்ற போட்டி ஆட்டங்களின் விகிதம் அமெரிக்கக் கண்டங்களில் 26.4 சதவீதமும் கொரியாவில் 16.4 சதவீதமும் குறைந்ததாக ஓவர்வாட்ச் குழு அறிவித்தது. இரவு பதினோரு மணிக்குத் தலையணி மாட்டிக்கொண்டு ஆடுகிற ஒரு பெண்ணுக்கு அந்தக் குறைவு சின்ன விஷயமில்லை. அம்மாவைச் சேர்த்துத் திட்டாத ஒரு மணி நேரம் அது.

ஆக, புள்ளி என்பது ஊர் நினைவின் மாற்று. ஊர் மறக்காததை இங்கே சர்வர் மறக்காமல் வைத்திருக்கிறது. இந்த இடம் வரை எனக்குப் புகார் எதுவும் இல்லை.

புள்ளி செய்யும் வேலை

முன்பு நான் வேலை பார்த்த ஓர் அலுவலகத்தில் ‘நன்றிப் புள்ளி’ என்று ஒரு திட்டம் வந்தது. மாதாமாதம் ஒவ்வொருவருக்கும் கொஞ்சம் புள்ளிகள் தருவார்கள். நமக்கு உதவியவருக்கு அதைக் கொடுக்க வேண்டும். வாங்கியவர் அதைப் பரிசுக் கூப்பனாக மாற்றிக்கொள்ளலாம். முதல் மாதம் எல்லோரும் நெகிழ்ந்தார்கள். சில மாதங்களில், பக்கத்து மேசைக்காரர்கள் மாதக் கடைசியில் “எனக்கு நீ, உனக்கு நான்” என்று மாற்றிக்கொள்ள ஆரம்பித்துவிட்டார்கள். எங்கள் குழுவில் ஒரு அக்கா இருந்தார். புதிதாகச் சேர்ந்தவர்களின் நிரல்களை ராத்திரி உட்கார்ந்து படித்து, யார் மனமும் நோகாமல் பிழைகளைச் சொல்லிக்கொடுப்பார். அவருக்குப் புள்ளி சேர்ந்ததே இல்லை. அவரிடம் மாற்றிக்கொள்ள ஆள் இல்லை. எனக்குப் பெரிதாகத் தெரிந்தது இன்னொன்று. அதற்குமுன் “தேங்க்ஸ்க்கா” என்று ஒரு வார்த்தையாவது சொல்லிவிட்டுப் போனவர்கள், திட்டம் வந்தபின் அதையும் நிறுத்திவிட்டார்கள். நன்றி சொல்ல இப்போது தனி இடம் ஒன்று வந்துவிட்டதல்லவா!

இது எங்கள் அலுவலகத்தின் தனிக்கதை அல்ல. 1973இல் லெப்பர், கிரீன், நிஸ்பெட் என்ற மூன்று உளவியலாளர்கள் ஸ்டான்ஃபோர்டின் மழலையர் பள்ளியில் ஒரு சோதனை செய்தார்கள். படம் வரைவதில் ஏற்கெனவே ஆசையுள்ள குழந்தைகள். ஒரு பகுதியினரிடம், வரைந்தால் பரிசுச் சான்றிதழ் உண்டு என்று முன்கூட்டியே சொன்னார்கள். அந்தச் சான்றிதழின் பெயரே ‘நல்ல ஆட்டக்காரர் விருது’. இன்னொரு பகுதியினருக்குச் சொல்லாமல், வரைந்து முடித்தபின் அதே சான்றிதழைக் கொடுத்தார்கள். மூன்றாம் பகுதிக்கு ஒன்றுமில்லை. ஓரிரு வாரம் கழித்து, சும்மா விளையாடும் நேரத்தில் யார் எவ்வளவு வரைகிறார்கள் என்று பார்த்தார்கள். பரிசு உண்டென்று முன்பே தெரிந்து வரைந்த குழந்தைகள், மற்றவர்கள் வரைந்த நேரத்தில் ஏறத்தாழ பாதிதான் வரைந்தார்கள். எதிர்பாராமல் பரிசு வாங்கிய குழந்தைகளின் ஆசை குறையவில்லை.

பரிசு ஒன்றுதான். முன்னால் வந்தால் அது கூலி ஆகிறது. பின்னால் வந்தால், “நீ செய்ததைப் பார்த்தேன்” என்று சொல்லும் சாட்சி ஆகிறது.

தண்டனைக்கும் இதே கதிதான். இஸ்ரேலின் ஹைஃபா நகரில் குழந்தைக் காப்பகங்களில், பிள்ளையைக் கூப்பிடத் தாமதமாக வரும் பெற்றோருக்குச் சின்ன அபராதம் போட்டுப் பார்த்தார்கள் நீசியும் ருஸ்டிகினியும். தாமதம் குறையவில்லை, ஏறத்தாழ இரண்டு மடங்கானது. முன்பு தாமதமாக வருகிறவருக்கு டீச்சரின் முகத்தைப் பார்க்கக் கூச்சம் இருந்தது. இப்போது காசு கொடுத்தாயிற்று, கூச்சம் எதற்கு? பிறகு அபராதத்தை எடுத்துவிட்டார்கள். தாமதம் பழைய அளவுக்கு இறங்கவில்லை. 2000ஆம் ஆண்டு வெளியான அந்த ஆய்வின் தலைப்பே அபராதம் ஒரு விலை என்பதுதான்.

ஆட்டத்தில் இதைத் தினமும் பார்க்கலாம். “விட்டுட்டுப் போனா மெரிட்தானே கொறையும், ரெண்டு மேட்ச் ஒழுங்கா ஆடுனா ஏறிடும்” என்று சொல்கிறவனுக்கு அது தண்டனை இல்லை, கட்டணம்.

மொய் நோட்டும் அதற்கு அப்பாலும்

இங்கே ஒரு குழப்பத்தைத் தீர்த்துக்கொள்ள வேண்டும். கூட்டு ஆட்டத்தில் சுயநலம், நியாயம், அன்பு என்று மூன்று தனித்தனி விஷயங்கள் இருக்கின்றன. மூன்றுக்கும் ஒரே மருந்தைக் கொடுப்பதில்தான் கோளாறு.

எவர்க்வெஸ்ட் என்ற ஆட்டம் 1999இல் வந்தது. பத்துப் பன்னிரண்டு பேர் அல்ல, பல டஜன் பேர் சேர்ந்து மணிக்கணக்கில் போராடினால்தான் ஒரு டிராகன் சாகும். செத்தால் கிடைப்பது ஒன்றிரண்டு பொருள்தான். யாருக்கு? சண்டை வந்தது. ஆடியவர்களே ஒரு கணக்கைக் கண்டுபிடித்தார்கள். ஒவ்வொரு வேட்டைக்கும் வந்தவருக்குப் புள்ளி. பொருள் வேண்டுமென்றால் சேர்த்த புள்ளியைச் செலவழிக்க வேண்டும். ‘டிராகன் கில் பாயிண்ட்ஸ்’ என்று பெயர். இதை நிறுவனம் தரவில்லை, ஆடுகிறவர்கள் தங்களுக்காக உண்டாக்கிக்கொண்டது.

நம்மூர்க்காரர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். இது மொய் நோட்டு. கல்யாண வாசலில் மேசை போட்டு, பெயர், ஊர், தொகை என்று எழுதுகிறோமே, அதேதான். மொய் நோட்டைக் கேலி செய்கிற கதைகள் நிறைய உண்டு. எனக்கு அதன்மேல் மரியாதைதான். கையில் ஒன்றுமில்லாதவன் வீட்டிலும் கல்யாணம் நடக்க அது வழி செய்கிறது. வட்டி இல்லாமல் ஊரே சேர்ந்து கொடுக்கிற கடன் அது. அதில் அன்பு இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம். நியாயம் இருந்தாக வேண்டும். நியாயத்துக்குக் கணக்கு வேண்டும்.

சுயநலத்தைத் தடுக்க விதி வேண்டும், பங்கைப் பிரிக்கக் கணக்கு வேண்டும். இரண்டிலும் புள்ளி நன்றாகவே உழைக்கிறது. மூன்றாவதை மட்டும் அதன் கையில் கொடுக்கக் கூடாது. புறநானூற்றில் ஆய் என்ற வள்ளலைப் புகழும் புலவர் முடமோசியார், இங்கே கொடுத்தால் அங்கே கிடைக்கும் என்று அறத்தை வைத்து வியாபாரம் செய்கிறவன் இவன் இல்லை என்று சொல்கிறார். அந்த மாதிரி வியாபாரிகள் அப்போதே இருந்திருக்கிறார்கள் என்பதும் அதிலிருந்து தெரிகிறது.

நண்பர்களிடம் இதைச் சொன்னால் ஒரு பதில் வரும். “விழுந்து கெடக்குறவனுக்கு உன் மனசுல என்ன இருந்தா என்ன? தூக்கிவிட்டா போதும்ல?” நியாயமான பதில். ஒரே ஒரு முறை நடப்பதென்றால் நானும் ஒத்துக்கொள்வேன். ஆனால் புள்ளிக்காகத் தூக்குகிறவன் புள்ளி கிடைக்காத இடத்தில் தூக்க மாட்டான். உதவியில் பெரும்பகுதி புள்ளி கிடைக்காத இடங்களில்தான் தேவைப்படுகிறது. பழகப் பழக உள்ளத்திலும் வந்துவிடும் என்பார்கள் சிலர். வரலாம். ஆனால் அந்த மழலையர் பள்ளிக் குழந்தைகளுக்கு வந்தது அதற்கு நேர் எதிரான பழக்கம்.

“கூப்டான்ல”

ஒரு லீவில் ஊருக்குப் போயிருந்தபோது அக்கா மகன் ஆடிக்கொண்டிருந்ததைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தேன். ஒரு ரேண்டம் விழுந்தான். இவன் புகைக்குண்டு ஒன்றைப் போட்டுவிட்டு ஓடினான். தூக்கினான். ஆறாவது நொடியோ ஏழாவது நொடியோ, இரண்டு பேரும் காலி.

“தெரிஞ்சே ஏன்டா போன?”

“அவன் கூப்டான் மாமா. பாய் பாய்னு. இந்திக்காரன். வேற என்னா சொன்னான்னு புரியல.”

“தூக்குனா மெரிட் ஏறுமா?”

“அதெல்லாம் யாரு பாக்குறா.”

“பின்ன ஏன் போன?”

“கூப்டான்ல.”

இதைவிட நல்ல அறநூல் விளக்கத்தை நான் படித்ததில்லை. அதேசமயம் அன்று இன்னொன்றையும் கவனித்தேன். அவனுடைய வழக்கமான அணியில் நான்கு பேரும் ஒரே தெருப் பையன்கள். சாலைக்கு அந்தப் பக்கத்துப் பிள்ளைகளும் இதே ஆட்டத்தை ஆடுகிறார்கள், அவர்களுக்கு அவர்கள் அணி. இது எங்கள் ஊருக்கு மட்டும் உரியதல்ல. தமிழ்நாட்டில் “எந்த ஊரு?” என்ற கேள்விக்கு அடுத்து “எந்தத் தெரு?” என்று கேட்டால் அது எதற்கு என்று நமக்குத் தெரியும். பாஷை புரியாத, ஆயிரம் மைல் தள்ளியிருக்கிற ஒருவனுக்காகச் சாகத் தயாராக இருக்கும் பையன், இருநூறு அடி தள்ளியிருக்கிறவனோடு அணி சேர்வதில்லை.

ஊர் நினைவைப் பற்றி மேலே நல்லவிதமாகச் சொன்னேன். அதன் மறுபக்கம் இது. ஊர் எல்லாவற்றையும் நினைவில் வைத்திருக்கிறது, யார் யாருடைய பிள்ளை என்பது உட்பட. ஏணியைத் திருப்பித் தராதவனை ஒதுக்கிவைக்கிற அதே ஊர்தான், எதுவும் செய்யாதவனையும் பிறப்பைச் சொல்லி ஒதுக்கிவைத்தது. ரேண்டமுக்கு நாளை இல்லை, ஆனால் அவனுக்கு நேற்றும் இல்லை. அங்கே தெரு தெரியாது. “கூப்டான்ல” என்பது அங்கே போதுமான காரணம். முகம் தெரியாத ஆட்டங்களில் நான் காணும் பெரிய நன்மை இதுதான். புள்ளி, நிலை, தரவரிசை என்று போட்டு இதையும் ஒரு புதிய ஊராக மாற்றிவிடுவோமோ என்பதுதான் என் பயம். நிலை ஐந்தில் இருப்பவன் நிலை ஒன்றில் இருப்பவனைத் தூக்குவதற்குமுன் யோசிக்க ஆரம்பித்தால், “எந்தத் தெரு?” வேறு உருவத்தில் வந்துவிட்டது என்றுதான் அர்த்தம்.

இடத்தை மாற்றிப் பார்த்தவர்கள்

புள்ளி இல்லாமல் என்ன செய்ய முடியும் என்பதற்கு ஓர் உதாரணம் ‘ஜர்னி’. 2012இல் வந்தது. பாலைவனத்தில் நடந்து மலைக்குப் போக வேண்டும். வழியில் முகம் தெரியாத இன்னொருவர் வந்து சேரலாம். பேச முடியாது, எழுத முடியாது, ஓர் ஒலி மட்டும் எழுப்பலாம். அதை உருவாக்கிய ஜெனோவா சென் சொன்ன ஒரு செய்தி பிரபலம். ஆரம்பத்தில் இரண்டு பாத்திரங்கள் மோதினால் ஒன்று மற்றதைத் தள்ளும்படி வைத்திருந்தார்கள், சேர்ந்து தள்ளி உதவிக்கொள்ளட்டும் என்று. சோதித்துப் பார்த்தவர்களோ ஒருவரையொருவர் பள்ளத்தில் தள்ளிவிட்டார்கள். நல்ல மனிதர்கள்தான். தள்ளினால் ஏதோ நடக்கிறது, கைக்குழந்தை பொருளைத் தட்டிவிட்டு வேடிக்கை பார்க்கிற மாதிரி. குழு அவர்களைத் தண்டிக்கவில்லை, மெரிட் குறைக்கவில்லை. தள்ளும் வசதியை எடுத்துவிட்டது. அதற்குப் பதில், இரண்டு பேர் அருகருகே வந்து தொட்டால் இருவருக்கும் பறக்கும் சக்தி கூடும் என்று வைத்தது. மனிதர்கள் மாறவில்லை, இடம் மாறியது. ஒட்டி ஒட்டி நடந்தார்கள்.

‘டெத் ஸ்ட்ராண்டிங்’ (2019) இன்னொரு வழி. ஆற்றைக் கடக்க நாம் வைத்துவிட்டு வந்த ஏணி, முகம் தெரியாத வேறொருவர் ஆட்டத்தில் போய் நிற்கும். அவர் அதில் ஏறிக் கடந்தபின் ஒரு ‘லைக்’ போடலாம். பிடிக்கவில்லை என்று சொல்லப் பொத்தானே இல்லை. நாம் தூங்கும்போது யாரோ நம் ஏணியில் ஏறியிருக்கிறார் என்று காலையில் தெரியவருகிறது. அவ்வளவுதான் சம்பளம்.

ஜர்னியில் கடைசியாக ஒன்று. வழியெல்லாம் கூட வந்தவர்களின் பெயர், ஆட்டம் முழுக்க முடிந்தபின்தான் திரையில் வரும். அதுவரை அவர்கள் யாரோ.

பெயர் சொல்லுதல்

முடிந்தபின் பெயர் சொல்வது என்றதும் எனக்கு எங்கள் ஊர்க்காரர் ஞாபகம் வருகிறார். சுந்தரர் பிறந்தது திருநாவலூரில். பக்தஜனேஸ்வரர் கோயிலில் அவருக்குச் சன்னதி உண்டு. பக்தியை ஒதுக்கிவைத்துவிட்டு, அவர் செய்த ஒரு காரியத்தை மட்டும் பார்ப்போம்.

பெரியபுராணம் சொல்லும் கதை இது. திருவாரூர்க் கோயிலில் தேவாசிரிய மண்டபத்தில் அடியார்கள் கூடியிருக்கிறார்கள். சுந்தரர் அவர்களை நின்று வணங்காமல் நேரே சன்னதிக்குப் போகிறார். விறன்மிண்டர் என்ற அடியாருக்குக் கோபம் வந்துவிட்டது. இவனும் நமக்குப் புறம்பு, இவனை ஆட்கொண்ட சிவனும் நமக்குப் புறம்பு என்று சொல்லிவிட்டார். இன்றைய மொழியில், கடவுளையும் சேர்த்து ரிப்போர்ட் அடித்தார். அதன்பின் சுந்தரர் பாடியதுதான் திருத்தொண்டத்தொகை. பதினொரு பாட்டு. அடியார் ஒவ்வொருவர் பெயராகச் சொல்லி, அவருக்கு நான் அடியேன், அவருக்கு நான் அடியேன் என்று போகும். அறுபத்து மூவர் என்று நாம் சொல்வதற்கு மூலம் அதுதான்.

பட்டியல் எழுதிப் பழகியவன் என்பதால் அதன் அமைப்பை நான் பார்க்கிறேன். அது தில்லை அந்தணர்களில் தொடங்குகிறது, உண்மை. அடுத்து வருகிறவர் ஒரு குயவர். நாகப்பட்டினத்து மீனவரும் காஞ்சிபுரத்து வண்ணாரும் நாம் நந்தனார் என்று சொல்லும் திருநாளைப்போவாரும் சேர அரசரும் ஒரே பட்டியலில் வருகிறார்கள். யாருக்கும் எண் இல்லை, மதிப்பெண் இல்லை. (நந்தனாரைத் தீயில் இறக்குவது சேக்கிழாரின் விரிவில் வருவது. தொகையில் அப்படி ஒரு நுழைவுத் தேர்வு இல்லை.) தனிப்பெயர்கள் போக ஒன்பது கூட்டங்களையும் சொல்கிறார். அவற்றில் ஒன்று, இந்த நாட்டுக்கும் இந்தக் காலத்துக்கும் அப்பால் இருக்கிற, பெயர் தெரியாத அடியார்கள். தன் கண்ணில் படாமல் போன நன்மைக்கும் பட்டியலில் ஓர் இடம் விட்டிருக்கிறார். எந்தத் தரவரிசைப் பலகையிலும் அந்த வரி கிடையாது. தரவரிசையைப் பொறுத்தவரை, கணக்கில் வராதது நடக்கவே இல்லை.

இதைத்தான் சாட்சி என்கிறேன். செய்து முடித்தபின் வருகிறது. எதையும் வாங்க உதவாது. மேலே கீழே என்று அடுக்காது. சொல்கிறவர் தன்னைத் தாழ்த்திக்கொண்டு சொல்கிறார்.

ஆகவே, என்னிடம் ஒரு கூட்டு ஆட்டத்தை வடிவமைக்கச் சொன்னால் இப்படிச் செய்வேன். ஓடிப்போகிறவனுக்கும் சொந்த அணியைக் கொல்கிறவனுக்கும் விதி இருக்கட்டும். அது கட்டணமாகிவிடாதபடி, என்ன செய்தான், யாரைப் பாதித்தது என்று சொல்லிவிட்டுத் தடுக்கட்டும். பொருளைப் பிரிக்க மொய் நோட்டு மாதிரி எல்லோரும் பார்க்கிற கணக்கு இருக்கட்டும். உதவிக்கு மட்டும் புள்ளி வேண்டாம். ஆட்டம் முடிந்தபின், விழுந்து எழுந்தவனிடம் மட்டும் ஒரு வரி வரட்டும்: இவர் உன்னை மூன்று முறை தூக்கினார், ஒரு முறை முயன்று செத்தார். அவன் விரும்பினால் ஒரு நன்றி அனுப்பட்டும். அது அந்த இரண்டு பேர் தவிர யாருக்கும் தெரிய வேண்டாம்.

இதை எந்த நிறுவனமும் சுலபத்தில் செய்யாது என்றும் எனக்குத் தெரியும். புள்ளி என்பது நம்மை நாளைக்கும் உள்ளே வரவைக்கிற தூண்டில். ரகசியமாக வந்த ஒரு நன்றியை வைத்து யாருக்கும் எதையும் விற்க முடியாது. ஆனால் அந்த ஒரு வரியை எழுதச் சர்வரின் அனுமதி நமக்குத் தேவையில்லை. மைக் நம் கையில்தான் இருக்கிறது. தூக்கிவிட்டவனுக்கு, அவன் செத்தே போயிருந்தாலும், லாபிக்குப் போவதற்குமுன் “தேங்க்ஸ் பாய்” என்று சொல்லலாம். அதை இரண்டு தெரு தள்ளியிருக்கிறவனிடம் நேரிலும் சொல்லலாம், ஆனால் அதற்கு முதலில் அவனோடு அணி சேர வேண்டும்.